பாக்கெட் கறி வாங்காத அக்கா

குளிர்பெட்டிக்குள் தலையை விட்டு, அடுக்கியிருக்கும் ஆட்டுக்கறிப் பாக்கெட்டுகளில் அடியில் கிடப்பதை உருவி எடுத்துச் சாய்த்துப் பிடிக்கிறார் அக்கா. மூலையில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் சேர்கிறது. "பாத்தீங்களா, நல்லா குளிச்சிட்டு வந்திருக்கு," என்கிறார், பால் எடுக்க வந்து பக்கத்தில் நிற்கிற யாரோ ஒருவரிடம். அவர் எதுவும் கேட்கவில்லை. அக்கா பாக்கெட்டைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். வாங்குவதற்கு அல்ல, வாங்காமல் இருக்க இன்னொரு காரணம் கிடைக்குமா என்று பார்ப்பதற்கு.

அக்கா தன் வீட்டுச் சமையலறையிலிருந்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறவர். மற்ற நாட்களில் காய்கறி, வியாழக்கிழமை ஆட்டுக்கறி. அந்த வியாழக்கிழமையை நம்பித்தான் மற்ற நாட்கள் ஓடுகின்றன. அன்று காலை சூப்பர்மார்க்கெட் திறந்ததும் அதன் தானாகத் திறக்கும் கதவு வழியாக நுழைந்து, விலையையும் தரத்தையும் அலசிவிட்டு, வெறுங்கையோடு வெளியே வந்து, இரண்டு தெரு தள்ளியிருக்கிற கறிக்கடையில் அதைவிட அதிக விலை கொடுத்துக் கறி வாங்குவது அவருடைய பல வருஷப் பழக்கம். சூப்பர்மார்க்கெட் ஊழியர்கள் அவருக்கு 'விசாரணைக் கமிஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவர் காதுக்கும் வந்துவிட்டது. கோபம் வந்ததாகத் தெரியவில்லை, கொஞ்சம் பெருமைதான்.

கேள்வி கேட்க ஆரம்பித்தால் சாமானியத்தில் விடமாட்டார். ஆட்டுக்கு எத்தனை மாசம்? குட்டியா, கிழடா? எலும்போடு இந்த எடையா, எலும்பை எடுத்துவிட்டா? ஒருநாள் அங்கே வேலை பார்க்கும் பெண் பொறுமை இழந்து, "எங்களுக்கு என்னங்க தெரியும்? பெட்டியில வருது, எடுத்து அடுக்குறோம்," என்றாள். "அப்ப பெட்டி போட்ட குட்டியா இது?" என்று கேட்டுவிட்டு அக்கா நகர்ந்துவிட்டார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். நல்லா இருக்கீங்களா என்பதற்கு முன்னால் கறி எங்கே வாங்குறீங்க என்பது வந்து நிற்கும்.

தன் கறிக்கு மதிப்பெண் போடுவதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார். சாயங்காலம் காலி கேரியர்கள் திரும்பி வந்ததும், கழுவுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகத் திறந்து எலும்புகளைப் பார்ப்பார். எலும்பு கடித்து உறிஞ்சி வெளுத்துக் கிடந்தால் திருப்தி. சதை ஒட்டியபடி கிடந்தால், மறுநாளே அந்த ஆளுக்குப் போன் போய்விடும்: "என்னங்க, பல்லுல ஏதாச்சும் பிரச்சினையா?"

ஊருக்கு வெளியே ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் ஒருவரிடம் கிடைக்கிற கறிதான் எல்லாவற்றிலும் உசத்தி என்பது அவர் கட்சி. ஆனால் பண்ணைக்காரர் பாதி ஆட்டுக்குக் குறைந்து கொடுக்கமாட்டார். சாப்பாட்டு வண்டி ஓட்டுகிற கொழுந்தன், வாங்கிப் போட்டுவிடலாமே அண்ணி என்று சொன்னபோது, "பாதி ஆட்ட எங்க வெக்கிறது தம்பி? உங்க அண்ணன எழுப்பிவிட்டுட்டு அந்தக் கட்டில்லயா?" என்றார். கறிக்கடைக்காரர் அதே பண்ணையிலிருந்துதான் ஆடு எடுக்கிறார் என்பதால், கடையில் வாங்கினாலும் பண்ணையில் வாங்கின மாதிரிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

போன வாரம் ஒரு போன் வந்தது. அவருடைய கேரியர்களில் பாதி போவது ஒரே அலுவலகத்துக்கு. அதன் மேலாளர், வேறொருவர் இதைவிடக் குறைந்த விலைக்குச் சாப்பாடு தருவதாகச் சொல்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டார். அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்: "அவங்க போடுறது பாக்கெட் கறிங்க. நான் போடுறது என் கண்ணு முன்னாடி வெட்டின கடைக்கறி. ஒருநாள் நான் பாக்கெட் கறி போட்டேன்னு தெரிஞ்சா, அன்னியோட என் சாப்பாட்ட நிறுத்திடுங்க." மேலாளர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பாதி வருமானம் அந்த ஒரு வார்த்தையில் நின்றது.

இந்த வியாழக்கிழமை அக்கா குளிர்பெட்டியிலிருந்து தலையை எடுத்தபோது, பணம் கட்டுகிற இடத்தில் ஒரு முதுகு தெரிந்தது. இடுப்புத் துணியும் கையில் கத்தியும் இல்லாததால் சட்டென்று அடையாளம் பிடிபடவில்லை. கறிக்கடைக்காரர்தான். அவருடைய தள்ளுவண்டி நிறைய ஆட்டுத்தொடைப் பாக்கெட்டுகள். இரண்டு சாக்குப் பையில் அவற்றை நிரப்பிக்கொண்டு, அக்கம்பக்கம் பார்க்காமல் வெளியேறினார். அக்கா கையிலிருந்த பாக்கெட்டைச் சாய்த்துப் பார்க்கக்கூட மறந்துபோனார். அப்படி ஆவது அபூர்வம்.

கடைக்குப் போனபோது தொடை, பலகையில் தயாராகக் கிடந்தது.

"வாங்க தங்கச்சி. இன்னைக்குக் காலைல வந்த கறி. தொட்டுப் பாருங்க."

அக்கா தொட்டுப் பார்த்தார். சுத்தமாகத் துடைத்திருந்தது.

"எங்கேருந்து வந்துச்சுண்ணே?"

"வழக்கமான எடம்தான்."

"கதவு தானா தெறக்குமே, அந்த எடமா?"

கத்தி நின்றது. கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. துணியை எடுத்துப் பலகையின் சுத்தமான ஓரத்தைத் துடைத்தார்.

"பண்ணைக்காரர் மொத்த ஆட்டையும் அந்த சூப்பர்மார்க்கெட்டுக்கே குடுக்க ஆரம்பிச்சிட்டாரு. எனக்கு ஒண்ணு ரெண்டு குடுங்கன்னு கேட்டா, அவங்க விக்கிற விலையவிட அதிகம் சொல்றாரு. நான் வாங்குற விலைக்குக் கீழ அவங்க விக்கிறாங்க தங்கச்சி. நான் என்ன பண்றது?"

"எத்தன நாளா நடக்குது?"

"வெயில் காலம் முடிஞ்சதுலேருந்து." அவர் நிமிரவில்லை. "மொத வாரம் நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு பயந்துட்டே இருந்தேன். நீங்கதான் பிரமாதமா இருக்குண்ணேன்னு சொல்லிட்டுப் போனீங்க."

ஒரே பண்ணை, ஒரே ஆடு. சூப்பர்மார்க்கெட்டில் குளித்து, இங்கே தலை துவட்டிக்கொண்டு, விலை ஏறி அக்காவின் பைக்குள் வந்திருக்கிறது. ஏமாந்த பணம்கூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பிரமாதம் என்று சொன்னது தன் வாய்தான் என்பதுதான் சுட்டது. இத்தனை வாரமும் எலும்புகள் வெளுத்துத்தானே திரும்பி வந்தன?

"உங்களுக்கு வேணா விலைய கொறச்சுக்கிறேன்," என்றார் கடைக்காரர். அக்கா பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

தெருவில் நின்று யோசித்தார். மதியச் சாப்பாட்டுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பண்ணைக்கு ஓடிப் பயனில்லை. திரும்பிப் போய்க் கடைக்காரரிடமே வாங்கினால், கடையில் வாங்கியது, என் கண் முன்னால் வெட்டியது என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அந்த யோசனை வந்ததற்கே அவருக்குத் தன்மேல் எரிச்சல் வந்தது. நேரே சூப்பர்மார்க்கெட்டுக்கு நடந்தார். பணம் வாங்குகிற பெண், பாக்கெட்டுகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பை வேணுமா?" என்று மட்டும் கேட்டாள். "இருக்கு," என்றார் விசாரணைக் கமிஷன்.

வீட்டில் கறியை வடிய வைத்து, துடைத்து, வழக்கத்தைவிட அதிக நேரம் நின்று வதக்கினார். வண்டியோடு வந்த கொழுந்தன் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார். "வாசனை தெருக்கோடி வரைக்கும் வருது அண்ணி." பிறகு குப்பைக்கூடையில் கிடந்த பாக்கெட் உறைகளைப் பார்த்துவிட்டார். அக்கா நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். கொழுந்தன் கழுத்தைச் சொறிந்தார்.

"இத்தன நாளும் யாருக்கும் தெரியலயே அண்ணி. நமக்கே இப்பத்தான் தெரியுது. பேசாம அனுப்பிடுவோம். அந்த ஆபீஸ் போயிருச்சுன்னா வண்டிக்கே வேலையில்ல."

அக்கா கேரியர்களை ஒவ்வொன்றாக நிரப்பி மூடினார். மேலாளருடைய நீல மூடிக் கேரியரை மட்டும் தனியே எடுத்து வைத்து, மூடியின் ஈரத்தைத் துணியால் ஒற்றினார். குப்பைக்கூடையில் குனிந்து ஓர் உறையை எடுத்தார். சூப்பர்மார்க்கெட் பெயரும் எடையும் விலையும் அச்சிட்ட சீட்டை, கிழியாமல் நகத்தால் நெம்பி உரித்து, அந்த நீல மூடியின் நடுவில் நேராக ஒட்டி, கேரியரைக் கொழுந்தன் கையில் கொடுத்தார்.