பூ மாற்றும் நேரம்

சார் இறந்த செய்தி இரண்டு முறை வந்தது. வேலை முடிந்து வீடு திரும்பியபோது ஆன்ஸரிங் மெஷினில் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. முதல் குரல் நம் தமிழ்ச் சங்கத் தலைவருடையது. "நம்ம சார் போயிட்டார்பா. உடனே கால் பண்ணு." அடுத்தவர் சபை மூப்பர். "எங்கட நவரட்ணம் சேர் கர்த்தரிட்டப் போயிட்டார்." மூன்றாவது, சாரின் மனைவி பாக்கியம் அக்கா. "தம்பி, நேரம் கிடைச்சா எடுங்கோ."

சங்கச் செயலாளர் என்ற பொறுப்பில், முதல் இருவரையும் உடனே அழைத்தேன்.

சாரை உங்களில் பலருக்குத் தெரியும். ட்ரிங்கோ என்கிற திருகோணமலைத் துறைமுகத்தில் பிறந்து, நியூ ஜெர்சியில் வரலாறு கற்பித்து, வாழ்நாள் ஆய்வை ட்ரியெஸ்டே என்ற வேறொரு துறைமுகத்துக்குக் கொடுத்தவர். உலகப்போர் முடிந்ததும் இத்தாலி அதைத் தனது என்றது. யூகோஸ்லாவியாவும் அப்படியே சொன்னது. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் நடுவில் வந்தார்கள். அந்தப் பகுதி ஏ மண்டலம், பி மண்டலம் என்று பிரிந்தது. பல ஆண்டுகள் இழுத்தடித்து, நகரம் இத்தாலிக்கும் தெற்கே இருந்த ஊர்கள் யூகோஸ்லாவியாவுக்கும் போயின.

முன்பு மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் ஒரு பொங்கல் விருந்து. ஆண்கள் வழக்கம்போல் பேஸ்மென்டில் இறங்கி, இலங்கைப் போரை நடத்திக்கொண்டிருந்தோம்.

"சார், அந்த இத்தாலி கேஸை விடுங்க. உங்க ட்ரிங்கோவை யாருக்குக் கொடுக்கலாம்?" என்றார் ஒருவர்.

"நீரே வைச்சுக்கொள்ளும். ஆனா அங்க போய் இருக்கவேணும்."

"ஐயோ சார், இப்பதான் கிரீன் கார்டு வந்துச்சு!"

எல்லோரும் சிரித்தோம். சாரும் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ட்ரியெஸ்டேயைப் பற்றியும் பெரியாக்கள் எல்லாரும் நல்லாத்தான் பேசினவை. அங்க குடியிருந்த ஒரு மனுசியிட்டயாவது போய் விசாரிச்சவையோ?" அதற்குள் மேலிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

அடுத்து நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. சார் இறந்த மறுநாள் ஒரு டோனட் கடையில் சமாதானப் பேச்சு நடந்தது. சார் எங்கள் விசுவாசி, கீதம் பாடி அனுப்புவோம் என்றது சபை. சார் எங்கள் ஆலோசகர், குத்துவிளக்கும் தேவாரமும் வேண்டும் என்றது சங்கம். அக்கா சைவ சமயத்தவர் என்பது அன்றைக்குத்தான் சங்கத்துக்கு நினைவு வந்தது. மலர்வளையம் தலைமாட்டிலா கால்மாட்டிலா என்பதற்கு மட்டும் இரண்டு காப்பி ஆயிற்று. கடைசியில் நான் பேப்பர் நாப்கினில் ஒரு கோடு போட்டேன். உடலைப் பார்வைக்கு வைக்கும் ஃப்யூனரல் ஹோமில் முதல் இரண்டு மணி நேரம் சபைக்கு, அடுத்த இரண்டு சங்கத்துக்கு. நடுவில் பூக்களையும் நாற்காலிகளையும் மாற்றக் கால் மணி, யாருக்கும் சொந்தமில்லாதது. இரு தரப்பும் கை குலுக்கிக்கொண்டோம். சார் இருந்திருந்தால் பாராட்டுவார் என்றுகூட ஒருவர் சொன்னார்.

ஏற்பாட்டைச் சொல்ல அக்காவிடம் போனேன். முழுவதையும் கேட்டார்.

"வடிவாச் செய்திருக்கிறியள் தம்பி. நான் அவரோட எப்ப இருக்கிறது?"

கையிலிருந்த நாப்கினை மறுபடி பார்த்தேன்.

"அண்டைக்கு ஃபோன் அடிச்சதும் இதைக் கேக்கத்தான்."

என்னிடம் அந்தக் கால் மணிதான் மிச்சம் இருந்தது. அதைச் சொன்னேன். "காணும், போதும்," என்றார்.

அப்படியே நடந்தது. ஒரு மலர்வளையம் வெளியே போய் இன்னொன்று உள்ளே வந்தது. நாற்காலிகள் இழுபட்டன. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவருகே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

சாரின் புத்தகங்களைக் கல்லூரி எடுத்துக்கொண்டது. படத்தைச் சங்கமும் சபையும் ஆளுக்கொன்று மாட்டியிருக்கின்றன. பேஸ்மென்டில் அவர் கேட்ட கேள்வியை யாரும் கேட்டு வாங்கவில்லை. அதை நான் வைத்திருக்கிறேன்.