செருகாத டிஸ்க்

இது கட்டிவிட்ட கதை இல்லை. என்னைத் தவிர இன்னொரு சாட்சியும் இருக்கிறாள். அவளால் சொல்ல முடியாது.

அண்ணன் விபத்தில் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு, பகலில் அண்ணி வேலைக்குப் போகும் நேரம் நான்தான் பாப்பாவைப் பார்த்துக்கொள்வேன். அண்ணன் மகள், ஐந்து வயது. தினமும் அண்ணனின் லினக்ஸ் கணினி முன்னால் உட்கார்ந்து, மைக்கில் அப்பாவுக்குப் பேசிப் பதிவு செய்வாள். அவன் பழக்கிவிட்ட வழக்கம். அண்ணனிடம் ஒரு யூஎஸ்பி டிஸ்க் இருந்தது. செருகினால் போதும், அவன் எழுதிய ஸ்கிரிப்ட் தானாக ஓடி, பாப்பாவின் பதிவுகளை அதில் நகலெடுக்கும். தொடங்கும்போது 'டிங்' என்று ஒருமுறை மணியடிக்கும். முடிந்ததும் இருமுறை. வேலையிடத்தில் அதைப் போட்டுக் கேட்பான். டிஸ்க்கின் அடையாள எண்ணைப் பார்த்துத்தான் ஸ்கிரிப்ட் ஓடும். வேறு எந்த டிஸ்க்குக்கும் அசையாது.

அன்று மதியம் பதிவை முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சித்தப்பா, உன் கண்ணு ஆந்தை மாதிரி இருக்கு."

"போய்த் தூங்குடி, வாயாடி."

போனாள். கனத்த திரைச்சீலையை இழுத்துவிட்டு, நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன்.

டிங்.

விழித்தேன். திரையில் பதிவுகளின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. பேக்கப்.

யூஎஸ்பி துளைகளைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் காலி.

உள்ளறையில் பாப்பா தூக்கத்தில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்...

நகலெடுத்தால் மூலம் அப்படியே இருக்க வேண்டும். இங்கே ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தது. ஒன்று மறைந்ததும் உள்ளே அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. இன்னொன்று மறைந்தது. இன்னும் இறங்கியது...

கணினியின் மின் வயரைப் பிடுங்கினேன்.

திரை அணைந்தது.

இருட்டு.

டிங்... டிங்.

ஓடினேன். பாப்பா எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாய் அசைந்தது.

சத்தம் இல்லை.

தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றுதான் டாக்டர் இன்றுவரை சொல்கிறார். நான் ராத்திரி வேலையை விட்டுவிட்டேன். இருட்டில் இயந்திரங்களோடு உட்கார முடியவில்லை.

அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணியிடம் கேட்டேன்.

"அந்த டிஸ்க் எங்க அண்ணி?"

அவர் நிமிரவில்லை.

"அடக்கத்துக்குப் பொட்டிய மூடுறதுக்கு முன்னாடி அவர் சட்டைப் பைல நான்தான் வச்சேன். பாப்பா குரல் கேக்காம அவருக்குத் தூக்கம் வராது, தம்பி."