கைதட்டு வாங்கிய ஒப்பாரி

போன வருஷம், தீபாவளிக்கு முந்தின மாதம், இங்கே மலேசியாவில், ஈப்போவில் ஒரு மண்டபத்தில் நடந்தது இது. இத்தாலி நாட்டுப் பழைய பாட்டு நாடகம் ஒன்றை நம் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் நடப்பதுபோல் மாற்றிப் போட்டார்கள். கதாநாயகி கடைசியில் இருமி இருமிச் சாகிறாள். அவளுக்கு ஒப்பாரி வைக்க ஆள் வேண்டும் என்று நாடகம் போடுகிற பெண் என்னைத் தேடி வந்தாள்.

தேடி வந்ததில் ஆச்சரியமில்லை. சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் பால் மரம் வெட்டிய காலத்தில், எந்தத் தோட்டத்தில் சாவு விழுந்தாலும் என்னை அழைக்க லாரி வரும். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் நான் வாயைத் திறந்தால் கங்காணியும் அழுவான்.

"சாவு இல்லாத இடத்துல ஒப்பாரி வைக்கக் கூடாதும்மா. வீட்டுக்கு ஆகாது" என்றேன்.

"ஸ்டேஜ்ல ஒருத்தி செத்துத்தானே கிடப்பா, ஆன்ட்டி? என்ன பாடினாலும் உங்க இஷ்டம்லா."

அந்த 'உங்க இஷ்டம்'தான் என்னைச் சம்மதிக்க வைத்தது. அதற்கு முந்தின வருஷம் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். நான் மாரில் அடித்து வாயெடுத்ததும் மகன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, இது ஃபிளாட். மேல கீழ ஆளுங்க இருக்காங்க. மானத்த வாங்காதீங்க." ஸ்பீக்கரில் சாமி பாட்டு போட்டுவிட்டான். ஊருக்கெல்லாம் அழுதவள், சொந்தப் புருஷனுக்கு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பாட்டு எனக்குள்ளேயே கிடந்தது.

நாடகத்தன்று பாயில் செத்தவளாகப் படுத்திருந்தது, இத்தாலிப் பாஷையிலேயே பாடி நடித்த ஒரு சீனப் பெண். பக்கத்தில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தேன். பாடினேன், அவருக்கு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு மரம் வெட்டப் போனதை, நான் மாசமாக இருந்தபோது என் பால் வாளியையும் சேர்த்துச் சுமந்ததை, வெள்ளத்தில் மகனைத் தோளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனதை.

எங்கள் பக்கம் ஒப்பாரியை ஒருத்தி தனியாக முடிப்பதில்லை. சொந்தம் எழுந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு கூட அழும். மகன் முன் வரிசையில்தான் இருந்தான். தோளில் உட்காரவைத்த அடியை அவனைப் பார்த்தே திருப்பிப் பாடினேன். அவன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். முடித்ததும் மண்டபமே கைதட்டியது. முதலில் எழுந்து நின்றவனும் அவன்தான்.

காரில் ஏறியதும், "அலாமாக், பின்னிட்டீங்கம்மா! ஆமா, புள்ளயத் தோள்ல தூக்கிட்டுப் போறானே, அவன் யாரு? ஹீரோவா?" என்றான்.

"ஆமாய்யா. கதையில வர்ற ஆளு" என்றேன்.

அந்த வீடியோவை வேலையிடத்தில் எல்லோருக்கும் காட்டுகிறானாம். காட்டட்டும். அதில் தெரியாத ஒன்று உண்டு. நான் பாடப் பாட, செத்துக்கிடந்த அந்தச் சீனப் பெண் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூடிய கண்ணோரம் ஈரம். தமிழில் ஒரு வார்த்தை தெரியாதவள். என் புருஷன் சாவுக்கு என்னோடு கூட அழுத சொந்தம் அவள் ஒருத்திதான் என்றே இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.