சிரித்த முகத்தை வெட்டி எடுத்தேன்

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை மலாக்காவில் நடந்தது இது. காலையிலிருந்தே பெய்தும் பெய்யாமலும் ஒரு தூறல். அந்த மாதிரி நாளில் கண் திறந்திருந்தாலும் நான் பாதி உறக்கத்தில்தான் இருப்பேன். அன்று நடந்ததெல்லாம் இப்போதும் ஈரக் கண்ணாடி வழியாகப் பார்த்தது போலத்தான் நினைவில் இருக்கிறது.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அது உடைந்த கதை பிறகு. நான் லாரி உதிரிப்பாகக் கடை ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. கைப்பேசியில் படத்தை வெட்டி, எழுத்துப் போட்டு, பூ வைத்து அழகாக அறிவிப்புச் செய்வேன். என் கணவர் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் எப்போதோ கைமாறி, அங்கிருந்த குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. இன்று அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது ஒரு வாட்ஸ்அப் குழு. கல்யாணமோ, காதணியோ, சாவோ, அறிவிப்புச் செய்து போடுவது என் வேலை. நான் அந்தத் தோட்டத்துக்கு மருமகள்தான். அங்கே பாதிப் பேருக்கு மேல் எனக்கு முகம் தெரியாது. ஆனாலும் "மருமக கை பட்டா படமே பேசுது லா" என்று யாராவது எழுதிவிட்டால் அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவாது.

அன்று காலை பசியாறிக்கொண்டிருந்தபோது கிளேபாங்கிலிருந்து ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். அவருடைய அம்மா உறக்கத்திலேயே போய்விட்டாராம். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், உள்ள பெயர், வயது, வீட்டு முகவரி, பிற்பகல் மூன்று மணிக்கு எடுக்கிறார்கள் என்ற விவரம், கூடவே ஒரு பழைய படம். "அம்மா படம் இதான் இருக்குக்கா, பாத்துப் போடுங்க" என்று எழுதியிருந்தார்.

படத்தில் இரண்டு பெண்கள். ஏதோ கோயில் திருவிழா. ஒருவர் கண்ணை இடுக்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். மற்றவர் குடை நிழலில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. எது அம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தாயைப் பறிகொடுத்த பிள்ளையிடம் போய் 'இதில் உங்கம்மா யாரு' என்று எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருந்தது. வெளியே நான் சொல்லிக்கொள்ளும் காரணம் இதுதான். உண்மையில் எனக்குச் சிரித்த முகம் பிடித்திருந்தது. வட்டத்துக்குள் அழகாக உட்காரும். விரலை வைத்து வெட்டினேன். பக்கத்தில் ஒரு விளக்கு, மேலே மல்லிகைச் சரம். குழுவில் போட்டுவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு பசாருக்குப் போய்விட்டேன்.

என் கணவருக்குச் சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலையில் வேலை. உள்ளே கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. பத்தரை மணி ஓய்வில் வெளியே வந்து பார்த்தவர் போனில் போட்ட சத்தத்தில் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன வேல பண்ணி வச்சிருக்க நீ? உயிரோட இருக்கிறவங்களுக்கு வெளக்கு வச்சிட்டியே!"

நான் வெட்டி எடுத்த முகம் இறந்தவருடைய தங்கையுடையது. தோட்டத்தில் அவரை ஆயாக் கொட்டகை அக்கா என்றால்தான் தெரியும். பெண்கள் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் ஆயாக் கொட்டகை. என் கணவர் உட்பட அந்தத் தோட்டத்தின் ஒரு தலைமுறையே அவர் ஆட்டிய தொட்டிலில் தூங்கியதுதான். இறந்து போன அக்காவோ பால் நிறுக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவர். கறார். சிரித்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பார்களே, அந்த மாதிரி. தோட்டத்தில் யாருக்கும் யாருடைய ஐசி பெயரும் தெரியாது. அதனால் அறிவிப்பில் பெயரை யாரும் படிக்கவில்லை, முகவரியையும் படிக்கவில்லை. முகத்தைப் பார்த்தார்கள், அழுதார்கள், அடுத்த குழுவுக்கு அனுப்பினார்கள்.

பதறிப்போய் அழித்தேன். அழித்து என்ன பயன்? அதற்குள் அது கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் வரை போய்விட்டிருந்தது.

"படத்த மாத்திப் போடவா?" என்றேன்.

"ஒண்ணும் போடாத. படம் போட்டதெல்லாம் போதும். நேரா புலாவ் செபாங் போ, அவங்க வீட்டுக்கு. கூடப் பொறந்த அக்கா செத்தது அவங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. கையில பட்டன் போன்தான். ரெண்டு பேருக்கும் பேச்சு விட்டுப் பதினஞ்சு வருசம் இருக்கும்."

காரணத்தையும் சொன்னார். அக்கா தன் மகள் கல்யாணத்துக்குத் தங்கைக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டாராம். வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து வைக்க வேண்டியதை! கூடப் பிறந்தவளுக்குத் தபாலா என்று தங்கை போகவில்லை. வரவில்லையே என்று அக்கா பேசவில்லை.

காரில் ஏறியதும் கிளேபாங் மகனைக் கூப்பிட்டேன். என் தப்பைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அறிவிப்பை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"சின்னம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா தம்பி?"

"குரூப்ல போட்டாச்சில்ல, தெரிஞ்சிருக்கும்னு இருந்துட்டேன்கா." பிறகு, "நாங்க நாலு பேரும் பக்கத்து வீட்டு மலாய்க்காரங்களும்தான் இருக்கோம். இன்னும் யாரும் வரலக்கா. அம்மாவுக்கு யாரு வருவா?" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை புலாவ் செபாங் வரை என்னோடு வந்தது. சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள், ஓலை நுனியெல்லாம் தண்ணீர். கார் ஓடுகிறதா, மரங்கள்தான் பின்னால் நடந்து போகின்றனவா என்று தெரியாத மாதிரி ஒரு மயக்கம். மூன்று மணிக்கு ஒரு மனுஷி நாலு பேரோடு போகப் போகிறார். அவருக்காக வரவேண்டிய கூட்டத்தை நான் வேறு வாசலுக்கு அனுப்பிவிட்டேன். போய் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒரு வாக்கியம்கூட முடியவில்லை.

தெருமுனையிலேயே கார்கள் நின்றன. இருபதுக்குக் குறையாது. யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகள்கூடக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். உள்ளே போனால், கெட்ட கனவும் நல்ல கனவும் கலந்த மாதிரி ஒரு காட்சி. முன்கூடத்தில் பூப்போட்ட பாத்தேக் கைலியோடு ஆயாக் கொட்டகை அக்கா உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் நரை விழுந்த ஆண்களும் பெண்களும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள், சிரிக்கிறார்கள். கொண்டுவந்த மாலைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேலும், மோட்டார் சைக்கிள் மேலும் குவித்திருக்கிறார்கள். வீடு முழுக்க ரோஜா வாசனை, கோப்பி வாசனை.

"செத்துட்டதா சேதி வந்தா ஆயுசு கெட்டிம்மா," என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "இனி நூறு வயசு வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆவாது. அட, இவன் யாரு, பாலுக்கு மண்ட மண்டயா மோதிக்குவானே அவனா? எவ்ளோ பெரிய ஆளாயிட்ட!" அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம். படத்தில் இருந்த அதே சிரிப்பு.

நான்தான் அறிவிப்புச் செய்தவள் என்றேன். ஒரு அண்ணன் எழுந்து நின்றார். "கையில போன் இருந்தா போதுமா? கேக்க வாயில்லயா?" நியாயம்தான். ஆயாக் கொட்டகை அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து அவர் என் தலையைத் தொட்டார். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அக்கா, நான் படத்தத்தான் மாத்திப் போட்டேன். சேதி பொய்யில்லக்கா. கிளேபாங்ல உங்க அக்கா காலையில போயிட்டாங்க."

தலையில் இருந்த கை அப்படியே நின்றது. வெளியே தண்டவாளத்தில் ரயில் ஒன்று போய் முடிந்தது.

"எந்தப் படத்த வச்சு போட்ட?" என்று பிறகு கேட்டார்.

கைப்பேசியில் வெட்டாத முழுப் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இது சித்ரா பௌர்ணமித் திருவிழா. எனக்கு அன்னிக்குக் காய்ச்ச. வெயில்ல நிக்காதடின்னு அக்கா கொடையத் தூக்கிட்டே வந்திச்சு."

அப்போதுதான் நானும் பார்த்தேன். குடையின் பிடி இறந்து போன அக்காவின் கையில் இருந்தது. குடை முழுவதும் தங்கையின் பக்கம் சாய்ந்திருந்தது. அக்கா உச்சி வெயிலில் நின்றார். கண்ணை இடுக்கியது அதனால்தான். நான் முகம் சுளித்தவர் என்று நினைத்து வெட்டி எறிந்தது அந்த முகத்தை.

அவர் அழுதார். கூடத்தில் எல்லோரும் பார்க்க, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன், வெட்கமில்லாமல். பிறகு அவர் எழுந்து, சேலை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"எனக்குன்னு அழ வந்தீங்கல்ல? அந்தக் கண்ணீர் இன்னும் மிச்சமிருக்கும். எங்கக்காவுக்குக் கொண்டாங்க. மாலையெல்லாம் எடுத்துக்குங்க."

எல்லோரும் மாலைகளைக் கையில் எடுத்தார்கள். நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்பார்கள். இங்கே கூப்பிட்டதே தங்கை. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கைச் சிமிட்டிக்கொண்டு செம்பனைக்கு நடுவே போயின. என் சின்னக் காரில் பக்கத்தில் அவர், பின் சீட்டு முழுக்க மாலைகள். வழி முழுக்க அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மூணு மணிக்குள்ள போயிருவோமாம்மா?"

இரண்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கடலோரச் சாலையில் எங்கள் வரிசையைப் பார்த்து இளநீர்க் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். வாசலுக்கு வந்த மகன் இறங்குகிற கூட்டத்தைப் பார்த்து, "வீடு மாறி வந்துட்டாங்களோ" என்று முணுமுணுத்தார். பிறகு முதல் காரிலிருந்து இறங்கியது யார் என்று தெரிந்தது. "சின்னம்மா" என்று அவர் ஓடிவந்த விதத்தை நான் மறக்கமாட்டேன்.

உள்ளே சகோதரிகள் என்ன பேசினார்கள் என்று எழுத எனக்கு உரிமையில்லை. ஒருவர்தான் பேசினார். மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கியபோது தூறல் மறுபடி பிடித்துக்கொண்டது. என் காரில் கிடந்த குடையை எடுத்து வந்து, வாசலிலிருந்து வண்டி வரை அக்காவின் முகத்துக்கு மேல் பிடித்தபடியே தங்கை நடந்தார். தன் தலை முழுக்க நனைந்ததை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

இப்போதும் அந்தக் குழுவில் அறிவிப்புச் செய்து போடுவது நான்தான். விட்டுவிடுகிறேன் என்றபோது ஆயாக் கொட்டகை அக்காதான் விடக்கூடாது என்றார். ஆனால் இப்போது சாவுச் செய்தி என்றால் முதலில் கூப்பிட்டுப் பேசுகிறேன். கூடப் பிறந்தவர்களுக்கு யார் நேரில் சொன்னது என்று கேட்கிறேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது; இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கண்ணாடி போட்டு ஆயாக் கொட்டகை அக்காவிடம் கொடுத்தேன், ஓரம்கூட வெட்டாமல். இன்றைக்கும் ஒரு படத்தை வெட்ட விரலை வைக்கும்போது, வெளியே தள்ளப்போகும் பக்கத்தில் யாராவது வெயிலில் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வெட்டுகிறேன்.