கிற்றார் நின்ற இடம்

இத்தாலியின் பலேர்மோ நகரில், பிரான்காச்சோப் பகுதிக்குப் போகும் பேருந்தின் தளர்ந்த யன்னல் கண்ணாடி "டக டக டக்" என்று அடித்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்த களைப்பில் என்னருகே கண்மூடியிருந்த அம்மா திடீரென நிமிர்ந்து, "கதையாதை பிள்ளை, கொஞ்சம் பொறு" என்று என் வாயைப் பொத்திவிட்டு, அதே தாளத்தை முழங்காலில் தட்டத் தொடங்கினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பலேர்மோத் தமிழர் கல்யாணம், பிள்ளைகளின் முதல்நன்மை விழா என்று ஒன்றையும் விடாமல் இன்றும் முழக்கும் "கப்பல் பாக்க வராதை" என்ற ரொக் பாட்டு பிறந்தது அந்த இருக்கையில்தான். பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

அம்மா மன்னாரில் மாதா கோயில் பாடகர் குழுவில் கிற்றார் பழகியவர். இங்கே சின்யோரா என்று நாங்கள் அழைக்கும் இத்தாலியச் சீமாட்டி ஒருவரின் வீட்டைத் துப்புரவாக்குபவர். அவருடைய ஒரே தம்பி, என் மாமா, வேலை தேடி ஜெனோவாவுக்குக் கப்பலேற இருந்தார். பாட்டின் முதல் இரண்டு சரணங்களிலும் தம்பி, துறைமுகத்துக்கு வராதே என்று அக்காவிடம் சொல்கிறான். மூன்றாவதில் அக்கா வந்தே விடுகிறாள், மறுமொழியும் சொல்கிறாள். முழுப்பாட்டு ஆறு நிமிடம். மாமா போவதற்குள் அதை அவர் குரலில் பதிந்துவிட வேண்டும் என்று அம்மா துடித்தார்.

மாமா போகும் நாள் ஒரு வியாழன், வீட்டுவேலைக்காரருக்கு அரைநாள் ஓய்வு. அப்பா கார்களுக்கு மினுக்கம் போடும் பட்டறையை, மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டும் நேரத்தில் முதலாளி எங்களுக்கு விட்டுத் தந்தார். கோயிலில் இரவல் எடுத்த டிரம்மில் அப்பா, சின்யோராவின் மகன் கழித்துவிட்ட மின்சாரக் கிற்றாரில் அம்மா. கொக்கியில் தொங்கிய போனில் பதிவுப் பொத்தானை அழுத்துவது நான்.

மூலையில் நின்ற காற்றடிக்கும் "கொம்பிரசர்" இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே உறுமும். அதுவும் கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் அம்பிளிபயரும் சேர்ந்தால் கரண்ட் போய்விடும். மூன்று தரம் போனது.

"அதை நிப்பாட்டினா என்ன?" என்றேன்.

"சொல்லாத சாமானிலை கை வைக்கிறேல்லை" என்றார் அம்மா. வருடக்கணக்காகப் பிறர் வீட்டில் நின்று உழைத்தவர்களின் சட்டம் அது.

"முதலாளி கேட்டா ஆர் மறுமொழி சொல்லுறது?" என்று அப்பாவும் கையை விரித்தார்.

மாமா சிரித்தார். "அப்ப அதோடை ஓட்டப்போட்டி வைப்பம் அத்தான். நீங்கள்தான் குதிரை."

வேறு வழியில்லாமல் அம்மா மூன்றாவது சரணத்தை விட்டார். மிச்சத்தை இரட்டை வேகத்தில் அடித்தார்கள். தகரக்கூரை அதிர்ந்தது. கடைசி வரிக்கு வந்தபோது கொம்பிரசர் உறும, கிற்றார் ஒரேயடியாக ஊமையானது. அம்மாவின் விரல்கள் செத்த கம்பிகளில் ஓடிக்கொண்டேயிருக்க, டிரம்மும் மாமாவின் குரலும் மட்டும் கதவடைத்த பட்டறையின் இருட்டில் தனியே ஏறிப்போயின. பற்றரியில் ஓடிய போன் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. பிறகு வந்த முதலாளி, பிளக்கைக் கழற்றியிருக்கலாமே என்று வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் இன்னொரு தரம் பாட மாமாவுக்கு நேரம் இருக்கவில்லை.

அந்தப் பதிவு போனுக்குப் போன் தாவிப் பரவியது. இப்போது எந்த இளைஞர் குழு வாசித்தாலும் கடைசி வரியில் கிற்றார்க்காரர் கையை எடுத்துவிடுவார். மொண்டெல்லோக் கடற்கரையில் ஒருமுறை அந்த இடத்தில் அத்தனை சனமும் மூச்சடக்கி நின்றதைப் பார்த்தேன். அது கொம்பிரசர் செய்த வேலை என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

பட்டறை இன்று இல்லை. அந்த இடத்தில் போன் திருத்தும் கடை. அம்மா எழுதியபடி முழுப்பாட்டையும் இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. வருகிற வியாழன் மாமா கப்பலில் வருகிறார். ஆறு நிமிடத்தையும் பதியப் போகிறேன். மாமா பாடிப் பழக மூன்றாவது சரணத்தை இப்போதே அவருக்கு அனுப்பட்டுமா என்று நேற்று அம்மாவிடம் கேட்டேன்.

"வேண்டாம். அதை நான் பாடுறன்" என்றார், இதுவரை ஒரு வரிகூடத் தனியே பாடியிராத அம்மா. "அது அக்கா சொல்லுற இடம். அவன் நிண்டு கேக்கட்டும்."