திரையில் ஒரு நீலக் கோடு

என் மேசையிலுள்ள கணினித் திரையின் குறுக்கே ஒரு நீலக் கோடு வளைந்து கிடக்கிறது. ஈரத்துணி, மண்ணெண்ணெய், பற்பசை எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தாயிற்று, அழியவில்லை. புதிதாக வருபவர்கள் திரையில் வெடிப்பு விழுந்துவிட்டதென்று பரிதாபப்படுவார்கள். அது எங்கள் நானா போட்ட கோடு.

நானா எங்கள் படகு வடிவமைப்பு அலுவலகத்தின் தலைமை வரைவாளர், கிண்ணியாக்காரர். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; தமிழ்ப் பிள்ளைகளான எங்களுக்கும் அவர் நானாதான். எதைக் கையில் எடுத்தாலும் அதற்கொரு திருத்தம் சொல்லாவிட்டால் அவருக்குத் தேநீர் இறங்காது. தேநீர்க் கடையில் கோப்பையின் பிடியைப் பற்றிச் சொல்வார், பஸ்ஸில் மணிக்கயிற்றைப் பற்றிச் சொல்வார். "குறை சொல்லல்ல தங்கச்சி, வழி சொல்றன்" என்பார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். ஒருவரும் ஒன்றையும் மாற்றியதில்லை.

அவருடைய பெரிய வழக்கு வரையும் மென்பொருளோடுதான். காகிதத்தில் வரைந்த காலத்தில், படகுக்காரர் ஒரு மாற்றம் கேட்டால் பழைய கோட்டை அழிக்காமல் அதனருகே புதியதைப் போடுவது எங்கள் வழக்கம். இரண்டையும் பார்த்த பிறகுதான் அவர் "ஓம்" என்று சம்மதிப்பார். கணினியிலோ ஒரு புள்ளியை இழுத்தவுடன் பழைய கோடு இருந்த இடமே தெரியாமல் போய்விடும். பழைய படத்தை வேறாகத் திறந்து காட்டினாலும் எங்கே மாறியதென்று கடலில் திரிகிற மனிதருக்கு விளங்காது.

ஒருமுறை இலங்கைத்துறையிலிருந்து ஒருவர் வந்தார். தண்ணீர் உள்ளே அடிக்கிறது, அணியத்தை, அதாவது படகின் முன்மூக்கை, உயர்த்தித் தாருங்கள் என்று முன்பே கேட்டுப் போனவர். நானா உயர்த்தியிருந்தார். திரையைப் பார்த்தவரின் முகம் சுருங்கிற்று. "நீங்கள் ஒண்டும் மாத்தேல்லையே நானா! சும்மா கதையோ?" என்று எழுந்து போய்விட்டார். பொய்யர் என்று சொல்லாமல் சொல்லிப் போனது நானாவைச் சுட்டுவிட்டது. அன்று அவர் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கவே இல்லை.

எப்படியோ சமாதானப்படுத்தி அவரை மறுபடி வரவழைத்தார். திரைமேல் கண்ணாடித் தாளை ஒட்டி, அதில் பழைய கோட்டை மார்க்கர் பேனையால் பிரதியெடுத்துவிட்டு, அவர் கண்முன்னே அணியத்தை உயர்த்துவதென்று திட்டம். ஆள் வந்து நின்ற பதற்றத்தில் தாளை மறந்து, நேரே திரையிலேயே இழுத்துவிட்டார். அழியாத மை. நான் தலையில் கை வைத்தேன். வந்தவரோ நீலக் கோட்டையும் அதற்கு மேலே எழும்பிய புதுக்கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓம், இப்ப விளங்குது" என்று சிரித்தார். அந்தப் படகு எங்களிடமே கட்டப்பட்டது.

அன்றே மென்பொருள் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதத் தொடங்கினோம். அவர் தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் தட்டுவேன். "கோட்டை மாத்தினாப் பழசு மங்கலாத் தெரியோணும். ஆள் ஓம் எண்ட பிறகுதான் மறையோணும்." முடிவில் வாழ்த்தாக வஸ்ஸலாம் போடாமல் விடமாட்டார். உங்கள் யோசனைக்கு நன்றி என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வரும். எனக்கு எரிச்சலாயிருக்கும். அவர் அடிமேல் அடியடித்தால் அம்மியும் நகரும் என்று அடுத்ததைச் சொல்லத் தொடங்குவார். ஓய்வு பெற்றுப் போன நாளிலும் ஒன்று எழுதிவிட்டுத்தான் போனார்.

சென்ற மாதம் மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. புல்மோட்டைக்காரர் ஒருவரின் படகுக்காக ஒரு கோட்டை இழுத்தேன். அடியில் பழைய கோடு சாம்பல் நிறத்தில் அப்படியே நின்றது. இன்னும் யார் யார் கேட்டார்களோ, எனக்கு அது நானாவின் கோடு. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. உடனே கிண்ணியாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

விஷயத்தைச் சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ். என்ன நிறம்?"

"சாம்பல், நானா."

"சாம்பல் வெயிலுக்குத் தெரியாதே, தங்கச்சி. நீலமா இருந்தா நல்லம். எழுதுங்க. வஸ்ஸலாம் போட மறந்திராதீங்க."

திரும்பிப் பார்த்தேன். துறைமுகப் பக்கத்து ஜன்னலால் வெயில் திரையில் விழுந்திருந்தது. சாம்பல் கோடு தெரியத்தான் இல்லை. நீலக் கோடு பளிச்சென்று கிடந்தது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினேன்.