நஃபீஸத்தின் பாசிப்பயறுப் பச்சை

தனக்கென்று எதையும் தேர்ந்தெடுத்தே பழகாத ஒருவருக்குத் தனி விருப்பம் என்று ஒன்று இருக்குமா? இருந்தால், இத்தனை காலம் அது எங்கே போய் உட்கார்ந்திருக்கும்?

சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய்க்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் நஃபீஸத்தின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கணவர் நூர்முகம்மது சவுதியின் தம்மாமில் ஒரு பெரிய கடையின் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். ஊருக்கு வரும்போதும், வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பும்போதும், கயிறு வரிந்து கட்டிய அட்டைப்பெட்டி வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கும். அதைப் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் நூர்முகம்மதுவின் அக்கா மைதீன் பாத்திமா கை வைப்பார். பிறகு அவருடைய மக்கள், பிறகு அக்கம்பக்கம். அத்தர், போர்வை, பால்பவுடர் எல்லாம் போன பின் பெட்டியின் அடியில் எஞ்சுவது நஃபீஸத்துக்கு. பெட்டி அனுப்பியவரின் மனைவி முந்திக்கொண்டு எடுப்பது அழகில்லை என்பது தெருவின் எண்ணம். நஃபீஸத்தும் அப்படித்தான் நினைத்தார். கூடத்து ஜன்னலில் தொங்கும் கருஞ்சிவப்புத் திரைச்சீலை அவர் எடுத்ததல்ல, எஞ்சியது.

மடிக்கணினியும் அப்படி வந்ததுதான். மதினி மைதீன் பாத்திமாவின் மகன் அதில் விளையாடி அலுத்துத் திருப்பிக் கொடுத்தான். சும்மா கிடக்கிறதே என்று நஃபீஸத் தமிழில் தட்டச்சுப் பழகினார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அச்சகம் வைத்திருக்கும் மாரிராஜ் அண்ணாச்சி, கல்யாணப் பத்திரிகைகளை வடிவமைத்துத் தர முடியுமா என்று கேட்டார். சரி என்றார். இந்த வேலையையும் அவராகத் தேடிப் போகவில்லை. ஆனால் வந்த பிறகு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

நோன்பு மாதத்தில் நிக்காஹ் நடக்காது. பெருநாள் கழிந்ததும் வரிசையாக நடக்கும். அதற்கான பத்திரிகைகள் எல்லாம் நோன்பிலேயே தயாராக வேண்டும். அந்த நேரம் பார்த்து மடிக்கணினி படுத்துவிட்டது. திறந்துவிட்டு உலை வைத்து அரிசி களைந்து வந்தாலும் அது விழித்திருக்காது. இனி இந்த விண்டோஸுக்குப் புதுப்பிப்பு கிடையாது என்று வேறு அடிக்கடி அறிவித்தது. புதிய விண்டோஸ் இந்த மிஷினில் ஏறாது என்று நகரத்து ஜங்ஷனில் ஒரு கடைக்காரர் சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, உன்னைய நம்பித்தான் ஆர்டர் எடுத்திருக்கேன்," என்றார் மாரிராஜ். "மிசின் சரியில்லன்னா சொல்லிரு, ஜங்ஷன்ல குடுத்துக்கிடுதேன். ஆனா அங்கன குடுத்துப் பழகிட்டா, வேல பொறவு இங்கன திரும்பாது, பாத்துக்கோ."

நூர்முகம்மது போனில் சமாதானம் சொன்னார். "பெருநாளுக்கு சல்மான் ஃபாரிஸ் ஊருக்கு வாரான். அவன்ட்ட புதுசு ஒண்ணு குடுத்தனுப்புதேன். அதுவரைக்கும் சும்மா இரு."

சல்மான் ஃபாரிஸ் தம்மாமில் அவருடன் அறையில் தங்கியிருப்பவன்.

"அதுவரைக்கும் சும்மா இருந்தா, பொறவும் சும்மாதான் இருக்கணும் மச்சான்," என்றார் நஃபீஸத்.

ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் ஜெராக்ஸ் கடை நடத்தும் ரீபாவிடம் விஷயத்தைச் சொன்னார். ரீபா தன் கடைக் கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"இது உங்க மிசின விடப் பழசுக்கா. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டு ஓட்டுதேன். சும்மாவே கெடைக்கும், யாரும் எடுத்துப் போட்டுக்கிடலாம்."

"அப்ப அதையே எனக்கும் போட்டுக் குடு."

"லினக்ஸ்னா ஒண்ணு இல்லக்கா. நெறைய இருக்கு. எது வேணும்?"

"நீ வச்சிருக்கியே, அதான்."

"இது எனக்குப் பிடிச்சு வச்சிருக்கேன். ஒங்களுக்கு எது பிடிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ரீபா ஒரு பென் டிரைவில் நான்கைந்து வகைகளைப் போட்டுக் கொடுத்தாள். "இத சொருகி, இதுலேருந்தே ஓட்டிப் பாக்கலாம். மிசின்ல இருக்கது ஒண்ணும் அழியாது. பிடிக்கலன்னா நிப்பாட்டிட்டு அடுத்தத தொறங்க. ஆனா 'நிறுவு'ன்னு இருக்கத மட்டும் இப்ப அமுக்கிராதிய."

ஜவுளிக்கடையில் பாயை விரித்து உட்கார்ந்து, அலமாரியில் இருக்கும் சேலையை எல்லாம் இறக்கச் சொல்லிப் பார்க்கிற பெண்களை நஃபீஸத் வேடிக்கை பார்த்ததுண்டு. இப்போது கடையே அவர் மடியில் இருந்தது. முதலில் வந்தது பழைய விண்டோஸின் சாயலில், அதே இடத்தில் அதே பொத்தானோடு இருந்தது. "போன வருசத்து மாப்பிள்ள புதுச் சட்ட போட்டு வந்த மாரி இருக்கு," என்று ரீபாவிடம் சொன்னார். அடுத்ததில் திரையே காலி, மேலே ஒரு பட்டை மட்டும். "வீடு நல்லாத்தான் இருக்கு, வாசலத்தான் காணும்." இன்னொன்றில் எதைத் தொட்டாலும் மாற்றலாம். திரையில் திறக்கும் சன்னலின் ஓரம், நிழல், எழுத்து, அம்புக்குறி எல்லாம். அதில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு அசர் தொழுகைக்கு ஓடினார். ஆனால் அந்தக் கிழட்டு மிஷின் அதைச் சுமக்க மூச்சு வாங்கியது.

இந்த நாட்களில்தான் ஒன்று வெளிப்பட்டது. ஒரு திரை கருஞ்சிவப்பில் திறந்தபோது, "ச்சீ, இது வேண்டாம்," என்று கை தானாக அதை மூடியது. மூடிய பிறகு தலையை நிமிர்த்திக் கூடத்துத் திரைச்சீலையைப் பார்த்தார். அந்த நிறம் தனக்குப் பிடிக்காது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ரசனை என்பது முதலில் வெறுப்பாகத்தான் தலை காட்டும் போலிருக்கிறது. எது வேண்டும் என்று சொல்லத் தெரியாதவர்களுக்கும் எது வேண்டாம் என்பது தெரிந்துவிடுகிறது. அங்கிருந்து தொடங்கலாம்.

வேண்டாதவற்றைக் கழித்துக் கழித்து வந்ததில் ஒன்று நின்றது. மின்ட் என்று பெயர். அதிலும் எடை குறைந்த எக்ஸ்.எஃப்.சி.இ. வகை. மினுக்கல் இல்லை. சொன்னால் உடனே திறந்தது. பத்திரிகைகளை எல்லாம் வேறொரு டிரைவில் படியெடுத்து வைத்துவிட்டு, இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லி 'நிறுவு' என்பதை அமுக்கினார்.

நிறுவும்போது அது உலக வரைபடம் ஒன்றை விரித்து, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டது. நஃபீஸத் யோசிக்கவே இல்லை. சவுதியின் மேல் வைத்து அமுக்கினார். அந்த வீட்டு அடுக்களையில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று ஊர் நேரம், மற்றது தம்மாம் நேரம், நூர்முகம்மதுவிடம் எப்போது பேசலாம் என்று பார்ப்பதற்கு. பெட்டியில் வந்த எந்தச் சாமானும் தம்மாம் நேரத்தையே காட்டும். யாரும் அதை மாற்றுவதில்லை. மடிக்கணினியும் அங்கிருந்து வந்ததுதானே.

பிறகு தொழுகை நேரத்துக்குப் பாங்கு சொல்லும் சின்ன மென்பொருள் ஒன்றைப் போட்டார்.

அன்று நோன்பு திறந்து, தொழுது, மைதீன் பாத்திமா கூடத்தில் உட்கார்ந்து மிச்சக் கஞ்சியை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார். மணி எட்டு இருக்கும். மடிக்கணினி திடீரென்று பாங்கு சொல்லத் தொடங்கியது. மதினி முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். திரையில் பெரிதாக 'மஃரிப்' என்று, நோன்பு திறக்கும் நேரத்து அந்தித் தொழுகையின் பெயர் இருந்தது.

"ஏட்டி நஃபீஸத், இப்பத்தான் மஃரிபுன்னு சொல்லுதே! அப்ப நம்ம தொறந்த நோன்பு?"

நஃபீஸத் அடுக்களைக்கு ஓடி இரண்டு கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார்.

"நம்ம நோன்புக்கு ஒண்ணுமில்ல மதினி. இது தம்மாம் பாங்கு. ஒங்க தம்பி இப்பத்தான் பேரிச்சம்பழத்த வாயில வைக்காவ."

"நல்லாருக்குட்டி! எம் மவனுக்கு விசா கெடைக்க நாங்க நாயா அலையுதோம். ஓம் மிசின் உக்காந்த எடத்துலயே சவுதிக்குப் போயிட்டு!"

மறுநாள் ரீபாவிடம் கேட்டுப் பாங்கு நேரத்தையும் மிஷின் நேரத்தையும் திருத்தினார். இந்திய நேரத்துக்கு அதிலிருந்த ஊர்ப் பட்டியலில் கொல்கத்தா என்றுதான் பெயர் இருந்தது. மதினி அதையும் விடவில்லை. "தம்மாம்லேருந்து கல்கத்தா வந்துட்டு. சேர்மாதேவிக்கு எப்ப வரும்?"

வந்துசேர்ந்தது, பைய பைய. கீழே இருந்த பட்டையை நஃபீஸத் வலது ஓரத்தில் நிமிர்த்தி வைத்தார். அரபு ஓதப் பழகிய கண்ணுக்கு வலதுதான் தொடக்கம். பட்டியல்களைத் தமிழுக்கு மாற்றினார். எழுத்தைப் பெரிதாக்கினார், சன்னலின் மூலைகளை உருட்டினார், பிடிக்காமல் மறுபடி கூராக்கினார். பின்னணி நிறம் காலையில் ஒன்றாகவும் மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு வேறொன்றாகவும் இருந்தது. கடைசியில் நின்றது வெளிர்ந்த, மஞ்சள் ஓடிய ஒரு பச்சை. ஊறவைத்த பாசிப்பயறின் நிறம்.

"பச்சன்னா பளிச்சுன்னு வைட்டி. இது என்ன, சீக்காளிப் பச்ச?" என்றார் மைதீன் பாத்திமா.

"எனக்கு இதான் மதினி பிடிச்சிருக்கு."

மதினி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பச்சை அப்படியொன்றும் அழகான நிறமல்ல. ஆனால் அதை வைத்த நாள் முழுக்க நஃபீஸத் வேலைக்கு நடுவே எல்லாச் சன்னலையும் இறக்கி இறக்கி அதைப் பார்த்துக்கொண்டார், சிரித்துக்கொண்டே.

பத்திரிகை வடிவமைத்த பழைய மென்பொருள் இதில் ஓடாது. இங்க்ஸ்கேப் என்ற வேறொன்றைப் பழக வேண்டியிருந்தது. பழகியதில் ஒரு லாபம் கிடைத்தது. முன்பு அரபு வரியைத் தட்டினால் எழுத்துகள் கை கோத்து நிற்காமல் பிரிந்து விழும். அதனால் பத்திரிகையின் உச்சியில் வரும் பிஸ்மியைப் படமாக ஒட்டுவார். இதில் தட்டியதும் எழுத்துகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரிசையாக ஓடின. கீழே தமிழும் குலையாமல் நின்றது. நஃபீஸத் அந்த ஒரு வரியை அழித்து, மறுபடி தட்டி, மறுபடி அழித்து, அது சேர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரிராஜ் அச்சுப்படியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு அரபு தெரியாது. "சரியா இருக்காம்மா?"

"சரியா இருக்கு அண்ணாச்சி."

"அப்ப இதையும் கொண்டு போ," என்று அடுத்த கல்யாண வீட்டுக் குறிப்புகளை நீட்டினார். ஜங்ஷன் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. பெருநாள் பிறை தெரிவதற்குள் எல்லாப் பத்திரிகைகளும் அச்சேறிவிட்டன.

பெருநாளுக்கு மறுநாள் சல்மான் ஃபாரிஸ் பெட்டியோடு வந்தான். கூடம் நிறைந்திருந்தது. நூர்முகம்மது வீடியோ காலில் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தார். கயிற்றை அறுத்ததும் மேலேயே கறுப்புப் பை, அதற்குள் புது மடிக்கணினி. மைதீன் பாத்திமா வழக்கம்போலக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார்.

"இது ஒனக்குள்ளது. நான் தொடமாட்டேன். எடுத்துக்கோ."

"ஆமா நஃபீஸத், இன்னைக்கு நீதான் மொதல்ல எடுக்கணும்," என்றார் நூர்முகம்மது.

நஃபீஸத் தயங்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் பெட்டிக்குள் கையை விட்டுப் பையை எடுத்தார். ஜிப்பை இழுத்து, மடிக்கணினியை உருவி, மதினியின் மடியில் வைத்தார். "ஒங்க மவளுக்குக் காலேஜுக்கு ஆவும்." பிறகு உள்ளே போய்ப் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து பைக்குள் இறக்கினார். அளவு கச்சிதமாக இருந்தது.

"ஏளா, அது புதுசு! வேகமா ஓடும்!" என்று சுவரிலிருந்து சத்தம் வந்தது.

"மச்சான், சாப்பிட்டியளா?" என்றார் நஃபீஸத்.

புதியதிலும் அதே மின்ட்டைப் போடலாம், அதே பச்சையை வைக்கலாம் என்று ரீபா பிறகு சொன்னாள். எனவே பழையதையே வைத்துக்கொண்டதற்குக் காரணம் அந்தப் பச்சையாக இருக்க முடியாது. கிறுக்கு என்கிறார் மைதீன் பாத்திமா, மகளுக்குக் கிடைத்த சந்தோஷத்தோடு. தான் வாங்கிய பையாவது பிடித்துப்போனதே என்கிறார் நூர்முகம்மது. நஃபீஸத்திடம் கேட்டால், பையின் ஜிப்பை ஒரு முறை இழுத்து மூடிக் காட்டுவார்.

"நல்லா ஓடுது பாருங்க," என்பார்.